கொடைக்கானலுக்கு ப்ரூபப் வேணாம் சாமி, அந்த பெஞ்சைத் திருப்பிக் கொடுங்க

"கொடைக்கானல்ல மட்டும் ஒரு நல்ல ப்ரூபப் இருந்துச்சுன்னு வை மச்சான், ஊரே வேற லெவலுக்குப் போயிடும்."

காலேஜ் பசங்க வாட்சப் குழுவுல ஒருத்தன் போட்ட வரி இது. கீழ 14 பேர் கைதட்டற பொம்மை போட்டிருந்தாங்க. எல்லாரும் என்னை மாதிரியே பெங்களூர், சென்னைன்னு பொட்டி தட்டிப் பொழைக்கிற கூட்டம். அங்க பதில் எழுதினா நாலு வரிக்கு மேல ஒருத்தனும் படிக்க மாட்டான். அதான் இங்க கொட்டிடறேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல எதிர்க்கட்சி வாதத்தை நேர்மையா சொல்லிடறேன். அப்பத்தான் சண்டை நல்லா இருக்கும்.

ப்ரூபப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கடைக்குள்ளயே பெரிய பெரிய எவர்சில்வர் அண்டாவுல பீரை வடிச்சு, அங்கயே க்ளாஸ்ல ஊத்திக் கொடுக்கிற இடம். 2009ல புனேல டூலாலி, 2010ல பெங்களூர் இந்திரா நகர்ல டாயிட்னு ஆரம்பிச்சது. இன்னைக்கு பெங்களூர்ல தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு ப்ரூபப் வாசல்லதான் விழணும். நம்ம ஊர் நெலமை வேற. 2003 நவம்பர்லேர்ந்து சில்லறை மது வியாபாரம் டாஸ்மாக் கையில. கம்பி வலைக்கு நடுவுல கையை விட்டு பாட்டிலை வாங்கணும், பக்கத்து பார்ல ஈரத் தரையில நின்னுக்கிட்டே ஊத்திக்கணும், யாராவது தெரிஞ்சவங்க பாத்துட்டா மூஞ்சியைத் திருப்பிக்கணும். ஒரு பொண்ணு தைரியமா உள்ள வந்து உக்கார முடியுமா? நட்சத்திர ஹோட்டல் பார்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதோட பில்லைப் பாத்தா ஏறின போதை இறங்கிடும்.

அதனால கொடைக்கானல் வர்றவன் என்ன பண்றான்? வ்யூ பாயிண்ட் ஓரமா காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வச்சுக்கிட்டு குடிக்கிறான். பாட்டிலை சோலைக்காட்டுக்குள்ள வீசறான். காட்டுல கெடக்கிற கண்ணாடி யானை காலைக் கிழிக்குதுன்னு, பாட்டிலுக்கு 10 ரூபா கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தா திருப்பித் தர்ற திட்டத்தை 2022ல நீலகிரியில ஐகோர்ட் தலையிட்டுத்தான் கொண்டு வர வேண்டியிருந்தது. பெறகு மத்த மலைகளுக்கும் வந்தது. "மரியாதையா உக்காந்து பேசிக்கிட்டே குடிக்க ஒரு இடம் இருந்தா இந்தக் கூத்து குறையும்"ங்கறது நண்பனோட கட்சி. ஞாயம்தான்.

வரலாறும் அவன் பக்கம்தான் நிக்குது. ஐஸ் மெஷின் வர்றதுக்கு முன்னால பீர் வடிக்கணும்னா குளிரான இடம் வேணும். அதான் வெள்ளைக்காரன் மலை ஏறி வடிச்சான். கசௌலி, மர்ரி, நம்ம நீலகிரி. நீலகிரியில காசில் ப்ரூவரி ஆரம்பிச்சது 1857ல. 1915ல தாமஸ் லீஷ்மன்ங்கறவர் தென்னிந்தியாவுல இருந்த அஞ்சு ப்ரூவரிகளை ஒண்ணாக்கி யுனைடெட் ப்ரூவரீஸ் ஆரம்பிச்சப்ப, அந்த அஞ்சுல அதுவும் ஒண்ணு. ஆக, கிங்ஃபிஷர் பாட்டிலோட பூர்வீகத்துல ஒரு கால் நீலகிரியில இருக்கு. அப்படின்னா 2,100 மீட்டர் உயரத்துல இருக்கிற கொடைக்கானல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

இது எல்லாத்தையும் ஒத்துக்கறேன். டாஸ்மாக் பாரை ஆதரிச்சு நான் ஒரு வார்த்தை பேசப் போறதில்ல. நானும் பெங்களூர்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பக்கத்து ப்ரூபப்ல உக்காந்து வாரம் பூரா புடுங்கின ஆணியை மறக்கிறவன்தான்.

ஆனா கொடைக்கானலுக்கு ப்ரூபப் வந்தா ஊர் வேற லெவலுக்குப் போகும்ங்கறது சுத்தப் பேத்தல்.

பப்ங்கறதே பப்ளிக் ஹவுஸோட சுருக்கம். தெருவுக்குப் பொதுவா ஒரு திண்ணை. என் வீட்டுப் பக்கத்து ப்ரூபப் எனக்குப் பிடிக்கறதுக்குக் காரணம் அண்டா இல்ல. பக்கத்து அபார்ட்மெண்ட் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் தன் சேர்ல உக்காந்திருப்பார். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பல் டாக்டர் அம்மா வருவாங்க. ஊத்திக் கொடுக்கிற பையனுக்கு இவங்களை எல்லாம் தெரியும். பீர் கொஞ்சம் புளிச்சா அன்னைக்கே அவன்கிட்ட சொல்லிடுவாங்க. அந்தக் கடையை ஒழுங்கா வச்சிருக்கறது இவங்கதான்.

கொடைக்கானலுக்கும் இப்படி ஒரு இடம் இருந்தது. பீர் மட்டும் கிடையாது. அந்த இடத்துக்குத்தான் 7 வருஷம் கழிச்சுப் போயிட்டு வந்தேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2014லேர்ந்து 2018 வரைக்கும் திண்டுக்கல் பக்கம் இஞ்சினியரிங். செமஸ்டர் முடிஞ்சா போதும், வத்தலக்குண்டு வழியா மேல ஏறிடுவோம். ஜன்னலோரம் உக்காந்தவனுக்குக் குளிரும், நடுவுல நிக்கிறவனுக்கு வாந்தி வரும், டம்டம் பாறை தாண்டினதும் எல்லாரும் ஒரே நேரத்துல ஸ்வெட்டரைத் தேடுவோம். மேல போனா கோக்கர்ஸ் வாக், தூண் பாறைன்னு சுத்தறதெல்லாம் முதல் தடவையோட சரி. அதுக்கப்புறம் நேரா அந்தக் கடைதான்.

மூஞ்சிக்கல்லுக்குப் பக்கத்துல ஒரு இறக்கம். தகரக் கூரை, உள்ள மூணு டேபிள், வெளிய சுவத்தோட ஒட்டி ஒரு நீள மர பெஞ்சு. காலையில இஞ்சி டீயும் பன்னும், மதியம் ஏதாவது ஒரு கலந்த சாதம், சாயங்காலம் மிளகு தூக்கலா முட்டைக்கோஸ் சூப்பு, மிளகாய் பஜ்ஜி. அவ்வளவுதான் மெனு. எழுதிப் போட போர்டு கூட கிடையாது. சூப்பு இருக்கான்னு கேட்டா, இருந்தா வரும்.

பெஞ்சுல யாரு இருப்பாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம். பூம்பாறையிலேர்ந்து பூண்டு மூட்டை இறக்கிட்டு வர்ற வேன் டிரைவர். (2019ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதே மலைப்பூண்டுதான். வேன் வந்து நின்னா தெரு முனை வரைக்கும் மணக்கும்.) ஏரிக்கரையில குதிரை ஓட்டற ரெண்டு பையங்க. தபாலாபீஸ்ல ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற ஹோட்டல் ரூம்பாய்கள். இவங்க நகந்து இடம் விட்டா நாங்க ஓரத்துல ஒட்டிக்குவோம். அவங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு இருந்தாலே போதும். எந்த வளைவுல மண்ணு சரிஞ்சிருக்கு, எந்த ஊர் தோட்டத்துல காட்டெருமை புகுந்துச்சு, இந்த வருஷம் கேரட்டுக்கு என்ன வெலை, எந்த ஹோட்டல்ல சம்பளம் ஒழுங்கா வருதுன்னு ஊரோட மொத்தச் செய்தியும் அந்த பெஞ்சுல ஓடும்.

கல்லாவுக்கு மேல ஆணியில ஒரு நீள நோட்டு தொங்கும், சணல் கயித்துல பேனா கட்டி. பற்று நோட்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு. "பூண்டு வேன்", "குதிரை", "போஸ்ட் ஆபீஸ்". மாசம் பொறந்தா கணக்கு தீர்ப்பாங்க. மூணாவது வருஷம் ஒரு நாள் சில்லறை இல்லாம முழிச்சப்ப, கடைக்கார அண்ணன் நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து "திண்டுக்கல் பசங்க"ன்னு எழுதினார். நாலு வருஷம் படிச்சு வாங்கின டிகிரியை விட அன்னைக்கு நெஞ்சு நிமிந்துச்சு. பொய் சொல்லல :-)

இன்னொண்ணும் ஞாபகம் இருக்கு. ஒரு நாள் டீ தண்ணியா இருந்துச்சு. தபால்காரப் பெரியவர் ஒரு மடக்கு குடிச்சுட்டு, "என்னப்பா, இன்னைக்கு ஏரித் தண்ணியிலயே போட்டுட்டியா?"ன்னார். பெஞ்சே சிரிச்சது. மறுநாள் டீ எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்லணுமா?

கடைசியா அங்க போனது 2018ல, மலையில குறிஞ்சி பூத்திருந்த நேரம். அப்புறம் வேலை, கொரோனா, ஆன்சைட்னு வருஷம் ஓடிப் போச்சு. 2025 மே மாசம் ஒரு சனிக்கிழமை, இ-பாஸ் எடுத்துக்கிட்டு மேல போனேன். வெள்ளி அருவியிலேர்ந்து ஊருக்குள்ள போறதுக்கு, காலேஜ் நாள்ல நடந்தே போயிருந்தாலும் அதை விட சீக்கிரம் போயிருக்கலாம்.

கடை அதே இடத்துல இருந்தது. தகரத்துக்குக் கீழ வரிசையா மஞ்சள் குண்டு பல்பு. ஒரு பக்கச் சுவத்துல ரெண்டு பெரிய றெக்கை வரைஞ்சிருந்தாங்க. நடுவுல நின்னு படம் எடுத்துக்க வரிசை, முறை வெச்சு. இன்னொரு சுவத்துல குகைக்குள்ள நிக்கிற மாதிரி ஒரு ஓவியம். 2024ல மஞ்சும்மல் பாய்ஸ் வந்தாலும் வந்துச்சு, கொடைக்கானல்ல குணா குகை இல்லாத கடையே இல்லைன்னு ஆகிப் போச்சு. மெனு கார்டு 6 பக்கம். கொரியன் நூடுல்ஸ், மூணு வகை ஹாட் சாக்லேட், சீஸ் உருகி வழியற என்னென்னமோ. இஞ்சி டீ "மலைச்சாரல் ஜிஞ்சர் சாய்"னு பேரு மாத்திக்கிட்டு 90 ரூபாய்க்கு இருந்தது. குடிச்சேன். வெந்நீர்ல இஞ்சி எசன்ஸ். டேபிள் மேல ஒரு அட்டை: "45 நிமிடங்களுக்கு மேல் அமர வேண்டாம்."

பெஞ்சும் இருந்தது. நீல பெயிண்ட் அடிச்சு, மேல பூந்தொட்டி அடுக்கி, குறுக்கால ஒரு கயிறு. "புகைப்படத்துக்கு மட்டும்."

அதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன்.

கல்லாவுல அதே அண்ணன்தான். ரெண்டு மூணு அடையாளம் சொன்னதும் சிரிச்சுட்டார். "திண்டுக்கல் பசங்களா! எங்க தம்பி, இப்ப எங்க வேலை?" பேசிக்கிட்டு இருக்கும்போதே கேட்டேன், "நோட்டு எங்கண்ணே?"

அந்த இடத்துல இப்ப க்யூஆர் கோடு ஒட்டியிருந்தது. அதைப் பாத்துக்கிட்டே சொன்னார்: "அதுல பேரு இருந்தவங்க யாரு தம்பி இப்ப இங்க இருக்காங்க?"

ஒவ்வொருத்தரா சொன்னார். பூண்டு வேன்காரர் குடியிருந்த வாடகை வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கிட்டாங்க, அவர் பெருமாள்மலைப் பக்கம் போயிட்டார். பெரியவரை மகன் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். ரூம்பாய்களுக்கு ஹோட்டல்லயே மொட்டை மாடியில தகரக் கொட்டாய், சோறும் அங்கயே. குதிரைப் பையங்க மட்டும் இருக்காங்க, ஆனா 90 ரூபா டீ அவங்களுக்குக் கட்டுப்படியாகுமா? சைக்கிள்ல ஒருத்தர் கேன் டீ கொண்டு வர்றாராம், அதைக் குடிச்சுக்கறாங்க.

"நான் என்ன செய்ய? கடை வாடகை அஞ்சு மடங்கு. வாரத்துல ரெண்டு நாள் சம்பாரிச்சு ஏழு நாள் வாடகை கட்டறேன்"னார். அதுக்குள்ள பின்னாடி பில் போட நாலு பேர். எனக்கு 45 நிமிஷமும் ஆகிப் போச்சு.

இந்த எடத்துல வழக்கமா எல்லாரும் "காலம் மாறிப் போச்சு, காசுக்கு ஆசைப்பட்டுட்டாங்க"ன்னு புலம்பி முடிப்பாங்க. நான் அதைச் சொல்ல வரல. அண்ணன் மேல எனக்குக் கோவமே இல்ல. கடை கெட்டது கடைசியில நடந்தது. அதுக்கு முன்னாடியே வாடிக்கையாளரை மலையை விட்டு இறக்கிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. தினமும் வர்றவனுக்கு மட்டமான டீ கொடுத்தா நாளைக்கு வர மாட்டான், வந்தாலும் நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குவான். ஆயுசுக்கு ஒரே தடவை வர்றவனுக்கு? நல்ல டீ கொடுத்தாலும் நாளைக்கு வரப் போறதில்ல, கெட்ட டீ கொடுத்தாலும் வரப் போறதில்ல. அவனை உள்ள இழுக்க றெக்கை போதும். டீத்தூளுக்குச் செலவு பண்றதை விட பெயிண்ட்டுக்குச் செலவு பண்றவன்தான் அங்க புத்திசாலி. "அதான் ஸ்டார் போடறாங்களே"ன்னு சொல்லுவீங்க. ஸ்டார் போடறவனும் ஒரே தடவை வந்தவன்தானே? போன வருஷம் டீ எப்படி இருந்துச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? வெளியில மஞ்சு, உள்ள பல்பு வெளிச்சம், பக்கத்துல பொண்டாட்டி சிரிச்ச முகம். நாலரை ஸ்டார்!

நம்ம தொழில் பாஷையில சொன்னா, தினமும் உபயோகிக்கிறவன் திட்டித் திட்டித்தான் ஒரு சாஃப்ட்வேர் உருப்படும். டெமோவுக்குன்னே எழுதின சாஃப்ட்வேர் எப்படி இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். முதல் ஸ்க்ரீன் பளபளன்னு இருக்கும், ரெண்டாவது பட்டனை அமுக்கினா பின்னால ஒண்ணும் இருக்காது. இன்னைக்கு கொடைக்கானல் கடைத்தெருவுல பாதி டெமோ.

இப்ப கொஞ்சம் கணக்கு. 2011 கணக்கெடுப்புப்படி கொடைக்கானல் நகராட்சியோட மக்கள் தொகை 36,501. கூட்டம் தாங்காம சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டு வந்தது. அதுல யார் வர்றான்னு எண்ணினாங்களே தவிர தடுக்கல. அதனால 2025 ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000 வண்டின்னு உச்சவரம்பு போட்டாங்க. உள்ளூர் வண்டியும் பஸ்ஸும் இதுல சேராது. வண்டிக்கு நாலு பேர்னு வச்சுக்கங்க. 6,000 வண்டின்னா 24,000 பேர். 36,501 பேர் இருக்கிற ஊருக்கு, ஒரே நாள்ல. இது கட்டுப்படுத்தின பிறகு வர்ற கணக்கு!

இந்தக் கூட்டத்துக்குப் படுக்க இடம் வேணுமே? அங்கதான் பூண்டு வேன்காரர் வீடு போச்சு. கொடைக்கானலுக்கு மாஸ்டர் ப்ளான் போட்டது 1993ல. அந்த விதியை மீறறது அங்க புதுசும் இல்ல. ப்ளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு ஞாபகம் இருக்கா? மலையில கட்டக் கூடாத உயரத்துக்கு மாடி கட்ட ஒரு ஹோட்டலுக்கு விதியைத் தளர்த்தின வழக்கு. 2000 பிப்ரவரி 2ல ஜெயலலிதாவுக்கு ஒரு வருஷம் தண்டனைன்னு தீர்ப்பு வந்தது. அன்னைக்கு தர்மபுரியில கல்லூரி பஸ்ஸை எரிச்சதுல மூணு மாணவிகள் செத்துப் போனாங்க. 2001ல மேல்முறையீட்டுல அவர் விடுதலை ஆனார். கொடைக்கானல்ல ஒரு மாடிக்கு எவ்வளவு விலைன்னு தமிழ்நாட்டுக்கு அப்பவே தெரியும். 2019ல மறுபடி ஐகோர்ட் சொல்லித்தான் விதி மீறின வணிகக் கட்டடங்களுக்கு சீல் வச்சாங்க. ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுதான் வர வேண்டியிருக்கு. நகராட்சின்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு யாராவது சொன்னா புண்ணியமாப் போகும்.

இப்ப வழக்கமா வர்ற மூணு கேள்விக்கு வரேன்.

"டூரிஸ்ட் வரலன்னா அந்த ஊருக்குச் சோறு ஏது?" நான் வராதீங்கன்னு சொல்லலியே. அந்த நோட்டுல இருந்த பாதிப் பேர் டூரிஸ்டை வச்சுப் பொழச்சவங்கதான், குதிரைக்காரங்க, ரூம்பாய்கள்னு. டூரிஸ்ட்கிட்ட சம்பாதிச்ச காசுல அவங்க அந்த ஊர்லயே வாடகைக்கு இருந்து அந்த ஊர்லயே டீ குடிச்சாங்க. இப்ப அவங்களால ரெண்டுமே முடியல. வேலை பாக்கற ஊர்ல வேலைக்காரன் குடியிருக்க முடியலன்னா அந்தத் தொழிலுக்கு வளர்ச்சின்னு பேரு வைக்காதீங்க. பாதரசத் தெர்மாமீட்டர் ஃபேக்டரியை 2001ல மூடின ஊரு அது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்தோட சமரசம் ஏற்பட 2016 ஆச்சு. "சுற்றுலா புகை விடாத தொழில்"னு அவங்ககிட்ட சொல்றது சுலபம். ஆனா புகை விடலங்கறதுக்காக கேள்வியே கேக்கக் கூடாதா?

"கொடைக்கானலே வெளியூர்க்காரனுக்காகக் கட்டின ஊருதானே?" ஆமா, 1845ல காய்ச்சலுக்குப் பயந்து மலை ஏறின அமெரிக்க மிஷனரிகள் ஆரம்பிச்சு வச்ச ஊர்தான். 1863ல கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறிச்சுக் கட்டினதுதான் அந்த ஏரியே. ஆனா அந்த வெளியூர்க்காரங்க தங்கினாங்க. 1901ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் இன்னைக்கும் நடக்குது. அதே காலத்துல வந்த சூரிய ஆய்வுக்கூடத்துல நூறு வருஷத்துக்கு மேலா, மேகம் விட்டுக் கொடுக்கிற நாள்ல எல்லாம் சூரியனைப் படம் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க. சூரியப் புள்ளியில வாயு எப்படி வெளியே ஓடுதுன்னு 1909ல எவர்ஷெட் கண்டுபிடிச்சது அங்க உக்காந்துதான். இவங்கதான் கொடைக்கானலோட ஆதிகால ரெகுலர் கஸ்டமர்ஸ். வெளியூர்க்காரன்ங்கறது பிரச்சனை இல்ல. திரும்பி வராத வெளியூர்க்காரனுக்காகவே ஊரை மாத்தி எழுதறதுதான் பிரச்சனை.

"நீ மட்டும் யாரு, நீயும் டூரிஸ்ட்தானே?" சந்தேகமே வேணாம், அக்மார்க் டூரிஸ்ட். ஒரு டூரிஸ்ட்டா சொல்றேன் கேளுங்க. எனக்கு அந்தக் கடை பிடிச்சதே அது எனக்காகப் போட்ட கடை இல்லங்கறதாலதான். எனக்காகப் போட்ட கடை பெங்களூர்ல என் ஆபீஸுக்குக் கீழயே பத்து இருக்கு, அதே மஞ்சள் பல்போட. அதைப் பாக்க எதுக்குய்யா 12 மணி நேரம் பஸ்ல முதுகு ஒடியணும்?

இப்ப நண்பனோட ப்ரூபப்பை அங்க கொண்டு போய் வைங்க. அண்டாவுல வடிச்ச பீர் மாசக்கணக்கா இருக்காது, வித்துத் தீக்கணும். ஜூலை மழையில ஒரு செவ்வாக்கிழமை ராத்திரி அதை யாரு குடிப்பாங்க? கேரட் லோடு ஏத்தினவரா? ரூம்பாயா? பெங்களூர் விலையில ஒரு க்ளாஸ் அவங்களுக்கு ஒரு நாள் கூலி. ஆக, சனி ஞாயிறு கூட்டத்தை வச்சுத்தான் ஏழு நாள் வாடகை கட்டணும். பெறகு அங்கயும் சுவத்துல றெக்கை வரும், டேபிள்ல 45 நிமிஷ அட்டை வரும். குடிச்சுட்டு அத்தனை வளைவும் சுத்தி ராத்திரியில கீழ இறங்கற வண்டிகளை நான் இன்னும் கணக்குல சேக்கல. பெங்களூர்லயே இந்திரா நகர்ல குடியிருக்கறவங்க பப் சத்தம் தாங்காம வருஷக்கணக்கா புகார் கொடுத்துக்கிட்டு இருக்காங்க. அங்கயாவது புகார் கொடுக்க ஆள் குடியிருக்கு. கொடைக்கானல் கடைத்தெருவுல இன்னும் பத்து வருஷத்துல அதுக்குக் கூட யாரும் மிஞ்ச மாட்டாங்க போல.

சும்மா குத்தம் மட்டும் சொன்னா போதாது, என்ன வேணும்னு கேப்பீங்க. சொல்றேன். வண்டியை எண்ணற மாதிரி படுக்கையையும் எண்ணுங்க. எந்த வீடு ஹோம்ஸ்டே, எந்த வீடு குடித்தனம்னு நகராட்சி வாசல்ல எல்லாரும் பாக்கற மாதிரி பட்டியல் ஒட்டணும். குடித்தன வீடுகள் ஒரு அளவுக்குக் கீழ போனா அந்தத் தெருவுல புது ஹோம்ஸ்டேக்கு அனுமதி நிக்கணும். அரசாங்க இடத்துல ஓட்டல் தொழிலாளிக்கும் டிரைவருக்கும் வாடகை வீடு கட்டணும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற தூரத்துல. நகராட்சிக்குச் சொந்தமான கடைகள்ல கொஞ்சத்தை ஏலத் தொகைக்குப் பாக்காம, வருஷம் பூரா உள்ளூர் ஆளுக்குக் கட்டுப்படியாகற விலையில சோறு போடறவங்களுக்குன்னு ஒதுக்கி வைக்கணும். இதெல்லாம் நடந்த பிறகு எவனாவது ஒருத்தன் ப்ரூபப் திறந்தா முதல் க்ளாஸ் நானே வாங்கிக் கொடுக்கறேன், பூண்டு வேன்காரருக்கு.

போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். வார நாள்ல போங்க. மூணு நாள் தங்கினா மூணு நாளும் ஒரே கடையில டீ குடிங்க. முதல் நாள் டீ நல்லா இல்லைன்னா ஸ்டாரைக் குறைக்காம மறுநாள் நேர்ல போய், "அண்ணே, நேத்து டீ தண்ணியா இருந்துச்சு"ன்னு சொல்லுங்க. அந்த ஊர்ல அப்படிச் சொல்றதுக்கு இப்ப ஆள் ரொம்பக் குறைவு.

டிஸ்கி: கடை எங்க இருக்கு, பேரு என்னன்னு கேட்டு யாரும் மெயில் அனுப்பாதீங்க, சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு ஏற்கனவே சனிக்கிழமை கூட்டம் தாங்கல.